பந்தயக் கார் பழக்கிய குடும்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறை வீதியில் எனக்கு ஒரு சின்ன உதிரிப்பாகக் கடை இருக்கிறது. ஞாயிறு இரவு ஃபார்முலா வன் பார்த்துவிட்டுத் திங்கள் காலை பிளக் வாங்க வருகிற பெடியன்கள், பிளக்கை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய தாய்மாரும் கேட்பார்கள், அது வேறு மாதிரிக் கேள்வி. பிரான்சில் இருக்கிற மைத்துனர் ஒருமுறை மான்யி-கூர் பந்தயப் பாதையின் வாசலில் நின்று எடுத்த படத்தை அனுப்பினார். அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியதில் இருந்து தொல்லை இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைத்தது இது.

பந்தயக் கார் ஓட்டப் பழக்குகிற பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதா? நம்மூர் லேனர்ஸ் மாதிரியா?

இருக்கிறது. எழுபது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. லேனர்ஸில் போவது லைசன்ஸுக்காக. கிளச்சை மெல்ல விட, சந்தியில் நிற்க, றிவேர்ஸ் எடுக்கத் தெரிந்தால் போதும். பந்தயப் பள்ளிக்கு வருகிறவனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். தெரியும் என்ற நினைப்பைக் கழற்றி வைப்பதுதான் அங்கே முதல் நாள் வேலை. கார் பள்ளியுடையது, மெக்கானிக் பள்ளியுடையவர், நேரம் எடுக்கிற கடிகாரமும் பள்ளியுடையது. சொந்தமாகப் பந்தயக் கார் வாங்க வழியில்லாத ஒருவன் சில நாட்களுக்குக் காசு கட்டி, தனக்கு இது வருமா வராதா என்று அறிந்துகொள்ளலாம்.

அந்த ‘வராது’ என்ற பதிலும் முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதை முதலில் தொடங்கியது யார்?

முதல் என்று ஒருவரைச் சுட்டினால் சண்டைக்கு வருவார்கள். நிலைத்து நின்று, மற்றவர்களுக்கு அச்சாக அமைந்தது என்று கேட்டால் ஜிம் ரஸ்ஸல். இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் டவுன்ஹாம் மார்க்கெட் என்ற சின்ன ஊரில் கராஜ் வைத்திருந்தவர். முப்பது வயது தாண்டித்தான் பந்தயத்துக்கே வந்தார். வந்தவர் 500 சிசி எஞ்சின் பூட்டிய சின்னக் கார்களில் 1955, 1956, 1957 என்று மூன்று வருடம் தொடர்ந்து பிரிட்டிஷ் சம்பியன் ஆனார். 1950களின் பிற்பகுதியில் ஸ்னெட்டர்டனில் பள்ளியைத் தொடங்கினார்.

ஸ்னெட்டர்டன் முன்பு ஒரு விமானத்தளம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் எழும்பிய இடம். போர் முடிந்ததும் இங்கிலாந்து முழுக்க இப்படிக் கைவிடப்பட்ட ஓடுபாதைகள் கிடந்தன. அங்கே கார்ப் பந்தயம் வளர்ந்ததற்கு இந்தச் சும்மா கிடந்த தார்நிலம் ஒரு பெரிய காரணம். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்திலும் நம் நாட்டில் கட்டுக்குருந்தையிலும் அதே கதைதான்: விமானம் ஓடின தாரில் பிறகு கார் ஓடியது.

1959இல் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ரஸ்ஸல் மோசமாக அடிபட்டார். பள்ளி நிற்கவில்லை. 1969இல் பிரேசிலில் இருந்து இங்கிலாந்து வந்த எமர்சன் ஃபிட்டிபால்டி அவருடைய பள்ளியில் பழகிவிட்டு 1972இலும் 1974இலும் உலகச் சம்பியன் ஆனார். கனடாவில் மொன் திரொம்பிளாவில் இருந்த கிளையில் ஷில் வில்நெவ் பழகினார். பல வருடம் கழித்து அவர் மகன் ஷாக்கும் 15 வயதில் அதே இடத்தில் பழகினார். ஷாக் 1997இல் உலகச் சம்பியன். தகப்பனும் மகனும் ஒரே பள்ளியில் படித்தார்கள் என்று நாங்கள் இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லையா, அப்படி ஒன்று.

உங்கள் கடையில் தொங்குகிற படம் எந்த இடம்? அங்கே பள்ளி நடத்திய நைட் சகோதரர்கள் யார்?

படம் மான்யி-கூர். பாரிசில் இருந்து தெற்கே சுமார் 250 கிலோமீற்றர், நெவேர் என்ற நகரத்துக்குப் பக்கம். சுற்றிவரத் தோட்டமும் மாட்டுப்பட்டியும்தான். அந்த ஊரின் மேயர், ஷான் பெர்னிகோ என்பவர், 1960 அளவில் அங்கே ஒரு பந்தயப் பாதையைப் போட்டார். ஊருக்கு எதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற தலைவர்கள் மண்டபம் கட்டுவார்கள், வாசிகசாலை கட்டுவார்கள். இவர் பந்தயப் பாதை கட்டினார்.

பாதை இருந்தால் போதுமா, ஓட்ட ஆள் வேண்டுமே. அங்கேதான் மைக், ரிச்சர்ட் என்ற இரண்டு ஆங்கிலேயச் சகோதரர்கள் வருகிறார்கள். நைட் குடும்பம். 1960களின் தொடக்கத்தில் அவர்கள் அங்கே பிரெஞ்சுப் பெடியன்களுக்குப் பந்தயக் கார் பழக்கத் தொடங்கினார்கள். பள்ளியின் பெயர் வின்ஃபீல்ட். பிறகு, மத்தியதரைக் கடலோரம் போல் ரிக்கார் என்ற மதுபான வியாபாரி 1970இல் கட்டித் திறந்த பாதையிலும் ஒரு பள்ளியை நடத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. பிரான்ஸ்காரர் தங்கள் நாட்டுச் சாரதிகளைப் பற்றிப் பேசும்போது நெஞ்சை நிமிர்த்துவார்கள். அந்தச் சாரதிகளில் ஒரு தலைமுறையையே வடித்தெடுத்தது இரண்டு இங்கிலீசுக்காரர். நாதஸ்வரத்துக்குப் பெயர்போன ஊருக்குள் வெளியூர் அண்ணன் தம்பி வந்து குடியிருந்து, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீவாளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தமாதிரி.

அப்படி யாரை வடித்தெடுத்தார்கள்? பெயர் சொல்லுங்கள்.

ஃபிரான்சுவா செவேர், 1966. பத்ரிக் தம்பே, 1971. டிடியே பிரோனி, 1972. அலன் ப்ரோஸ்ட், 1975. கடைசியாகச் சொன்னவர் 1985, 1986, 1989, 1993 என்று நான்கு தடவை உலகச் சம்பியன்.

நான் சொன்ன வருடங்கள் அவர்கள் பள்ளியில் சேர்ந்த வருடமல்ல, பரிசு வென்ற வருடம். அந்தப் பரிசுதான் பள்ளியின் உயிர். பிரெஞ்சில் ‘வொலான்’ என்பார்கள், ஸ்டியரிங் என்று அர்த்தம். தொடக்கத்தில் ஷெல் கம்பனி காசு போட்டது, பிறகு எல்ஃப் எண்ணெய்க் கம்பனி. நடைமுறை இப்படி: வருடம் முழுக்க நிறையப் பேர் காசு கட்டிப் பழகுவார்கள். அவர்களுக்குள் நேரம் எடுத்து, கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு கைவிரல் எண்ணிக்கையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார். கடைசிநாள் நடுவர்கள் முன்னால் சில சுற்றுகள். வென்றவனுக்கு அடுத்த வருடம் முழுக்கப் பந்தயத்தில் ஓடக் காரும் செலவும்.

நம்முடைய ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி என்று ஒரு பெடியனுக்குச் சொன்னேன். அவன் உடனே, “அப்ப ரியூஷனும் இருந்திருக்குமே” என்றான். சரிதான், இருந்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே பரீட்சைத்தாளில் தகப்பனின் வருமானம் தெரியாது என்று சொல்வோம், ரியூஷன் காசு ஒளிந்துகொண்டு வேலை செய்யும். அங்கே கடைசிநாளில் எல்லாரும் பள்ளியின் காரில்தான் ஏற வேண்டும். வீட்டில் நல்ல கார் நிற்கிறது என்பது அன்றைக்குச் செல்லாது.

செவேர் பாரிசில் வசதியான நகைக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனுக்கு இந்தப் பந்தய விருப்பம் துளியும் பிடிக்கவில்லை. 1966இல் பரிசு வென்று அல்பின் கார் ஒன்றைக் கையில் வாங்கிய பிறகுதான் வழி திறந்தது. 1973இல் அமெரிக்காவில் பயிற்சி ஓட்டத்தில் மோதி இறந்துபோனார், 29 வயது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பெயர்களை வாசிக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள்.

முதல் நாளே 200இல் விடுவார்களா?

இல்லை. இதைக் கேட்டுவிட்டுப் பாதிப்பேர் ஆர்வம் குறைந்து போவார்கள்.

முதலில் இருக்கை. கை மடங்கி ஸ்டியரிங்கை எட்டுகிறதா, கால் முழுதாக பிரேக்கை மிதிக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்மூர்ப் பெடியன்கள் சீற்றைப் பின்னுக்குச் சாய்த்துப் படுத்துக்கொண்டு ஓட்டுகிறார்களே, அந்த ஒன்றுக்கே அங்கே இறக்கி விடுவார்கள்.

அடுத்தது எஞ்சின் வேகத்துக்கு வரம்பு. பழைய பள்ளிக் கார்களில் எஞ்சின் சுற்று காட்டுகிற மீற்றரில் இரண்டாவது முள் ஒன்று இருக்கும். எஞ்சின் எந்த உச்சத்துக்குப் போனதோ அந்த இடத்தில் அது அப்படியே நின்றுவிடும். கீழே இறங்காது. இவ்வளவுக்கு மேலே போகாதே என்று சொல்லி அனுப்புவார்கள். மாணவன் திரும்பி வந்ததும் பழக்குகிறவர் ஒன்றும் கேட்கமாட்டார், குனிந்து முள்ளைப் பார்ப்பார். பொய் சொல்ல வழியில்லை. சொன்ன வரம்புக்குள் நின்றுகொண்டு ஒழுங்காக ஓடுகிறவனுக்கு மட்டும்தான் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள்.

பிறகு பிரேக். ஒரு காரின் நான்கு ரயரும் நிலத்தைத் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கையில்தான் முழு வாகனமும் நிற்கிறது. ஒவ்வொரு ரயருக்கும் ஒரு பிடி உண்டு, அவ்வளவுதான். அந்த ஒரு பிடியை முழுக்க பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப மிச்சம் இராது. முழுக்கத் திரும்பக் கொடுத்துவிட்டால் நிறுத்த மிச்சம் இராது. பிரேக் பிடித்ததும் காரின் பாரம் முன்னுக்கு வந்து பின்சில்லு லேசாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை வெட்டினால் பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். அதனால்தான் நேராக ஓடுகிறபோதே பிரேக்கை முடித்துக்கொள், பிறகு முடக்கில் திரும்பு, வெளியே வரும்போது எண்ணெய் கொடு என்று ஓதுவார்கள். கைதேர்ந்தவர்கள் இந்த மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்று கலப்பார்கள். அது பிறகு.

கடைசியாகக் கண். முடக்குக்குள் போகும்போது முன்சில்லைப் பார்க்கக் கூடாது, வெளியே வரப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். சொல்வது லேசு. வேலி ஒன்றைக் கண்டு பயந்தால் கண் வேலியில்தான் நிற்கும், கண் நிற்கிற இடத்துக்கே கையும் போகும். நான் பதின்ம வயதில் மோட்டார் சைக்கிளோடு ஒரு பூவரச மரத்தில் ஏறினது இந்தக் காரணத்தால்தான் என்று நாற்பது வயதில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பழக்கிய லேனர்ஸில் முதல் பாடம் ஹோர்ன், இரண்டாவது பாடம் பெரிய ஹோர்ன்.

இது எல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுத்தானே?

பெரும்பாலும் ஆம். ஆனால் பள்ளிகளின் கதை கொஞ்சம் வேறு. கிரஹாம் ஹில் என்ற இங்கிலீசுக்காரர் கார் ஓட்டும் லைசன்ஸே 24 வயதில்தான் எடுத்தார். பிராண்ட்ஸ் ஹச் பாதையில் ஒரு சுற்றுக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்தால் பந்தயக் காரில் ஓடலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து, நான்கு சுற்றுக்குக் காசு கட்டினார். ஒரு பவுண்தான் மொத்தமே. பிறகு காசு இல்லாததால் பந்தயப் பள்ளியில் மெக்கானிக்காக நின்று, கூலிக்குப் பதில் ஓட்டம் வாங்கினார். 1962இலும் 1968இலும் உலகச் சம்பியன்.

நடத்துகிற குடும்பத்துக்கும் காசு ஒரு தலையிடிதான். பள்ளிக் கார் கிழமை முழுக்க ஓட வேண்டும், அதுவும் கியரைக் கடித்துக் குதறுகிறவர்களின் கையில். பந்தய எஞ்சின் அதைத் தாங்காது. பந்தய ரயரின் விலையும் கட்டாது. பிராண்ட்ஸ் ஹச்சில் இருந்த மோட்டார் ரேசிங் ஸ்டேபிள்ஸ் என்ற பள்ளி இதற்கு ஒரு வழி பிடித்தது. ஃபோர்ட் கோர்டினாவின் சாதாரண எஞ்சினையும் வீதி ரயரையும் பந்தயச் சட்டத்தில் பூட்டி ஓட்டினார்கள். கார் நின்று பிடித்தது. அதையே ஒரு போட்டி வகையாக்கி, முழுக் காரும் 1000 பவுணுக்கு மேலே போகக் கூடாது என்று விதி போட்டார்கள். 1967 ஜூலை 2இல் முதல் ஓட்டம். அதுதான் ஃபோர்முலா ஃபோர்ட். பிறகு உலகம் முழுக்கப் பெரிய சாரதிகள் ஏறிப்போன ஏணி அதுவே. ஒரு பள்ளியின் செலவுப் பிரச்சினையில் பிறந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு அப்பாவின் ஒஸ்டின் ஏ40 ஞாபகம் வரும். 1990களின் தொடக்கத்தில் பெற்றோல் தடை. காபரேட்டரில் சின்னப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் மணமும் ஒழுங்கை முழுக்க நிற்கும். இல்லாத சாமானுக்கு மாற்றுப் பிடிக்கிற மூளை பிராண்ட்ஸ் ஹச்சில் மட்டும் விளைவதில்லை.

ஏன் இவற்றைக் குடும்பங்கள் தொடங்கின? கம்பனிகள் ஏன் தொடங்கவில்லை?

ஏனென்றால் லாபம் வர நாள் எடுக்கும், வேலை மட்டும் விடிய முதலே தொடங்கிவிடும். சம்பளத்துக்கு வருகிறவன் இரண்டாம் வருடம் விட்டுவிட்டுப் போவான். அண்ணன் பாதையில் நின்றால் தம்பி கணக்கைப் பார்க்க வேண்டும், யாரோ ஒருவர் காலையில் எல்லாக் காரின் சில்லு நட்டையும் இறுக்கிப் பார்க்க வேண்டும். கராஜ் வைத்த குடும்பங்களுக்கு இது புதிதில்லை.

நம் ஊரில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சவாரித் திடலில் ஓடுவது அரை நிமிசம். அந்த அரை நிமிசத்துக்காக வருடம் முழுக்க ஒரு வீடு உழைக்கும். தகப்பன் மாட்டைத் தெரிவு செய்வார், தாய் பருத்திக்கொட்டை அரைப்பார், மகன் குளிப்பாட்டுவான், சித்தப்பா வண்டிலின் அச்சைப் பார்ப்பார். பரிசு வாங்கப் போகிறவர் ஒருவர்தான்.

அமெரிக்காவில் நாஸ்கார் பந்தயத்தில் பக் பேக்கர் என்ற பழைய சம்பியன் பள்ளி வைத்திருந்தார். அவர் மகன் படி பேக்கரும் பெயர் பெற்ற பந்தயக்காரர். 1990இல் அங்கே பழக வந்த ஒரு பெடியன்தான் ஜெஃப் கோர்டன். மூடிய கூரை போட்ட பெரிய காரில் அவன் முதலில் ஏறினது அந்தப் பள்ளியில். பிறகு நான்கு தடவை சம்பியன்.

விபத்தில் இருந்து பிறந்த பள்ளி ஏதாவது இருக்கிறதா?

பொப் பொண்டுரன்ட். அமெரிக்கர். 1967இல் வட்கின்ஸ் கிளென் பாதையில் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் உடைந்து கார் பறந்தது. இனி நடப்பது சந்தேகம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கான பாடத்திட்டத்தை யோசித்தார். 1968 பெப்ரவரியில் கலிஃபோர்னியாவில் திறந்தார். முதல் மாணவர்களுக்குள் போல் நியூமன் என்ற நடிகரும் ஒருவர். படத்துக்காகப் பழக வந்தவர், பந்தயத்திலேயே ஊறிப்போனார்.

பொண்டுரன்டின் பாடங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. மூன்று ஓடுவழிகளுக்கு மேலே மூன்று விளக்குகள். கார் நெருங்குகிறபோது எல்லாம் பச்சை. கிட்ட வந்ததும் இரண்டு திடீரென்று சிவப்பாகும். மிச்சமான ஒரு வழிக்குள், பிரேக்கைப் போட்டு மிதிக்காமல், தப்பிப் போக வேண்டும். ஒழுங்கைக்குள் இருந்து சைக்கிளில் ஒரு ஆச்சி வெளியே வருகிற ஊரில் இதைவிடப் பயனுள்ள பாடம் எது?

பிற்காலத்தில் பள்ளியை நடத்தியதில் அவர் மனைவி பற்றின் பங்கு பெரியது. 2018இல் பள்ளி கடனில் விழுந்து, பிறகு கைமாறியது. பொப் 2021இல் காலமானார். நைட் குடும்பத்தின் வின்ஃபீல்ட் என்ற பெயரும் இன்றைக்குப் போல் ரிக்காரில் வேறு கைகளில்தான் இருக்கிறது. பெயர் நிற்கும், குடும்பம் போய்விடும். யாழ்ப்பாணத்துக் கடைப்பலகைகளைப் பார்த்தாலும் அது தெரியும்.

தமிழர் யாராவது இந்தப் பள்ளிகளில் படித்தார்களா?

இதுதான் கடையில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. ஆம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 1992இல், 15 வயதில், பிரான்சில் அதே வின்ஃபீல்ட் பள்ளிக்குப் போனார். எல்ஃப் பரிசுப் போட்டியில் அரையிறுதி வரை வந்தார். ப்ரோஸ்ட் வென்ற அதே பரிசு.

அவர் தகப்பன் ஜி.ஆர். கார்த்திகேயன் ராலிச் சாரதி, தென்னிந்திய ராலியை ஏழு தடவை வென்றவர். அதே ஊரில் எஸ். கரிவரதன் என்று ஒருவர் இருந்தார். பஞ்சாலைக் குடும்பம். தானே பந்தயத்தில் ஓடினதோடு நிற்காமல், மாருதி 800இன் எஞ்சினை வைத்துச் சின்னப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபோர்முலா மாருதி என்பது அதன் பெயர். கோர்டினா எஞ்சினுக்கு இங்கிலாந்தில் நடந்தது மாருதி எஞ்சினுக்குக் கோயம்புத்தூரில் நடந்தது. நரேன் பிரான்சில் இருந்து திரும்பி, ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில்தான் ஓடினார். 1995இல் ஒரு சின்ன விமான விபத்தில் கரிவரதன் இறந்துவிட்டார். 2003இல் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்தில் திறந்த பாதைக்கு அவர் பெயர்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

நரேன் 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா வன்னுக்கு வந்தார், இந்தியாவில் இருந்து முதல் ஆள். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது. பெரும்பாலான அணிகள் ரயர்ப் பிரச்சினையால் ஓடாமல் விலகி, ஆறு கார் மட்டும் ஓடிய பந்தயம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து திருத்துவார்கள்.

சென்னைச் சாந்தோக் குடும்பமும் இப்படித்தான். பாட்டன் இந்து சாந்தோக் மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தைத் தொடக்கியவர்களில் ஒருவர். மகன் விக்கி. பேரன் கருண் 2010இல் ஃபார்முலா வன்னில் ஓடினார். மூன்று தலைமுறை எடுத்தது.

இலங்கையில் எங்கே பார்க்கலாம்?

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களில் இருந்து வருகிறது. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் போட்டி, மின்னேரியாவில் கன்னர்ஸ் போட்டி, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தைப் பாதை. சின்னக் கார்ட் வண்டிப் பாதைக்குப் பண்டாரகமை. எல்லாம் தெற்கே. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏற வேண்டும்.

போனால் தடுப்புக்குப் பின்னால், உயரமான இடத்தில் நில்லுங்கள். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் வந்ததில் 7 பேர் இறந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி தொடங்கினால் என்ன?

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் ஆடி மாதத் திருவிழாக் காலத்தில் இதைக் கேட்பார்கள். உடனே வல்லை வெளியைக் கைகாட்டுவார்கள். வல்லை வெளியில் இருப்பது பொது வீதி. அதில் பஸ்ஸும் மீன் கொண்டுபோகிற சைக்கிளும் ஓடுகிறது. அங்கே இரவில் மோட்டார் சைக்கிளை முறுக்குகிறவர்களுக்கு நான் சாமான் விற்பதில்லை, அது ஊருக்கே தெரியும்.

என்னுடைய யோசனை சின்னது. பந்தயப் பாதை வேண்டாம். ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தளவு தாரோ சீமெந்தோ போட்ட வெளி, தண்ணீர் பவுசர் ஒன்று, பழைய கார் இரண்டு, ரப்பர்க் கூம்புகள். நிலத்தை நனைத்துவிட்டு, கார் சறுக்கினால் என்ன செய்வது என்று பழக்கலாம். மெக்கானிக்குகளுக்கு இங்கே குறைவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டின கை அல்லவா. ஆனால் காசு தருகிறேன் என்கிறவர்கள் எல்லாம் கார் பெயின்ற் என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மகனுக்கு 17 வயது. மோட்டார் சைக்கிள் வாங்கித் தா, இல்லாவிட்டால் சாப்பிடமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

கொக்குவிலில் இருந்து வருகிற ஒரு அக்கா கேட்டது. அவவுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

மேலே சொன்ன கிரஹாம் ஹில் 1975இல் விமான விபத்தில் இறந்துபோனார். மகன் டேமனுக்கு அப்போது 15 வயது. பிறகு அந்தப் பிள்ளை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கியது. தாய் பெட் பயந்துபோனார். ஓடாதே என்று சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த மனிசி. 1983இல் மகனைச் சமாளித்துக் கார் ஓட்டப் பழக அனுப்பினார். அனுப்பிய இடம் பிரான்சில் வின்ஃபீல்ட், அதே நைட் சகோதரர்களின் பள்ளி. அங்கே அவனைப் பார்த்துவிட்டு, சராசரிக்குக் கொஞ்சம் மேலே என்றுதான் குறித்தார்கள். புகழ்ந்து தள்ளவில்லை. 1996இல் டேமன் உலகச் சம்பியன்.

அந்தப் பள்ளிகள் பெற்றோருக்கு விற்றது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. பிள்ளையின் விருப்பத்துக்குப் பக்கம் சாயாத, தகப்பனின் பயத்துக்கும் பக்கம் சாயாத ஒருவர் முடக்கில் நின்று பார்த்து, உள்ளதைச் சொல்வார். ‘வராது’ என்று கேட்டுவிட்டு வீடு திரும்பினவர்கள்தான் மிக அதிகம். அவர்களின் பெயர் எங்கேயும் இல்லை, ஆனால் பிழைத்து வேறு தொழில் பார்த்தார்கள்.

அக்காவின் மகனை நான் கடைக்கு வரச்சொன்னேன். ஒரு கணக்குக் கொடுத்தேன். நம் நாட்டில் ஊருக்குள் கார் 50இல் போகலாம், வெளியே 70. இருபதுதானே கூட என்று தோன்றும். பிரேக் பிடித்தபின் நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஐம்பதின் வர்க்கம் 2500, எழுபதின் வர்க்கம் 4900. ஏறக்குறைய இரட்டிப்பு. பெடியன் கணிதப் பிரிவு. கல்குலேட்டரை எடுக்காமலே சொன்னான். பிறகு, “அப்ப நூறுக்கு?” என்று கேட்டான். நீயே போடு என்றேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றான்.

மோட்டார் சைக்கிள் இன்னும் வாங்கவில்லை. சாப்பிடுகிறானாம்.

உங்கள் அப்பாவின் ஏ40இல் எங்களைப் பழக்குவீர்களா?

ஓட விடமாட்டேன். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் காபரேட்டரைக் கழற்றிக் கழுவப் பழக்குகிறேன். பழைய உடுப்போடு வாருங்கள், அந்தக் காரில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கும்.